மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடுங்கள்

கல்லூரி நுழைவுத்தேர்வுகளை நடத்தும் ஆணையங்களுக்கும், அந்த மதிப்பெண்ணை வைத்து இடம் ஒதுக்கும் கல்லூரிகளுக்கும்,

வணக்கம்.

நுழைவுத்தேர்வை எடுத்துவிடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அப்படிக் கேட்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள் நியாயம் அவர்களுக்கு. நான் கணக்கு வாத்தியார். நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் பிழைப்பில் பாதி. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் கொடுக்கும் மதிப்பெண் அட்டையில், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடுங்கள்: இந்த மதிப்பெண் எவ்வளவு முன்பின் இருக்கக்கூடும் என்பதை. அச்சிட்டுவிட்டு, அந்த முன்பின்னுக்குள் நிற்கும் பிள்ளைகளை ஒரே தரத்தவராக நடத்துங்கள்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்கச் சொன்னால், மீச்சிற்றளவு என்ன, சுழிப்பிழை என்ன என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் விடையைத் திருத்துகிறோம். பிழையைக் கணக்கில் எடுக்காத பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. அதே பிள்ளையின் வருடக்கணக்கான படிப்பை மூன்று மணி நேரத்தில் அளந்து முடித்துவிடும் உங்கள் அட்டையில், பிழை என்ற பேச்சே கிடையாது. 541 என்றால் 541. அதை வாங்கியவள் உள்ளே, 540 வாங்கியவன் வெளியே.

அந்த ஒரு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாள். சரியென்றால் 4, தப்பென்றால் ஒன்று கழியும். இந்தியாவின் நீட் தேர்வு இப்படித்தான் நடக்கிறது: 180 கேள்வி, 720 மதிப்பெண். ஒரே அளவு படித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 160 கேள்விகளில் இருவரும் ஒரே மாதிரி. மீதி 20 இருவருக்குமே சுத்தமாகத் தெரியாது, குருட்டாம்போக்கில் நிரப்புகிறார்கள். இருபதில் ஐந்து சரியாக விழும் என்பது சராசரிக் கணக்கு. ஆனால் ஒருவருக்கு மூன்று விழும், இன்னொருவருக்கு ஏழு விழும்; நிகழ்தகவுப் பாடம் படித்த யாரும் இதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். மூன்று விழுந்தவருக்கு 12-இல் 17 கழிந்து மைனஸ் 5. ஏழு விழுந்தவருக்கு 28-இல் 13 கழிந்து பிளஸ் 15. அறிவில் இம்மியளவும் வித்தியாசமில்லாத இரண்டு பேருக்கு நடுவில் 20 மதிப்பெண் பள்ளம்.

இந்த 20 மதிப்பெண்ணுக்கு என்ன விலை? அந்தத் தேர்வில் கிடைக்கக்கூடிய மொத்த மதிப்பெண் மைனஸ் 180-இலிருந்து 720 வரை; அதிகபட்சம் 901 படிகள். 2024-இல் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். படிக்குச் சராசரி 2,500 பேருக்குக் குறையாது. ஆக 20 மதிப்பெண் என்றால் சராசரியாக 50,000 பேர். உச்சியில் நெரிசல் குறைவு, நடுவில் இதைவிடக் கூடுதல். ஒருவர் ஐம்பதாயிரம் பேரைத் தாண்டிப் போனது படிப்பாலா, இருபது வட்டங்களை நிரப்பிய விதத்தாலா என்று உங்கள் ரேங்க் பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் 1888-லும் 1890-லும், போட்டித் தேர்வின் முடிவில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டே காட்டிவிட்டார். பட்டியலின் மேல்பகுதியில் இருப்பவர்கள் எப்படியும் தேறுவார்கள், அடிப்பகுதியில் இருப்பவர்கள் எப்படியும் தேற மாட்டார்கள், எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்பவர்களின் முடிவுதான், இன்னொருவர் திருத்தினால், மாறிப்போகும் என்பது அவர் கண்டது. 1930-களில் பிரிட்டனில் ஹார்டாக், ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் நேராகவே சோதித்தார்கள். வரலாற்று விடைத்தாள்கள் 15, திருத்துபவர்கள் 14 பேர். ஓராண்டுக்கும் மேல் கழித்து அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தார்கள். தோல்வியா, தேர்ச்சியா, சிறப்பா என்று சொன்ன 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. வேறு யாரோ திருத்தி மாறவில்லை; முதலில் திருத்திய அதே கைதான் மாற்றியது.

அதெல்லாம் கட்டுரை எழுதிய காலம், இப்போது எந்திரம் திருத்துகிறது, எந்திரத்துக்கு விருப்பு வெறுப்பு கிடையாது என்பீர்கள். திருத்துவது எந்திரம், சரி. கேள்வி எழுதுவது மனிதர்கள்தானே.

அதே 2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணுக்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இரண்டு கூற்று கொடுத்து எது சரி, எது தவறு என்று கேட்கும் வழக்கமான கேள்விதான். பாடநூலின் பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு ஒரு விடை, புதிய பதிப்பைப் படித்தவர்களுக்கு இன்னொரு விடை. இரண்டுக்கும் மதிப்பெண் தந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி ஐஐடி நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்று சொன்னார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 5 மதிப்பெண் இறங்கியது: வந்த 4 போனது, தப்புக்கான ஒன்றும் கழிந்தது. முழு மதிப்பெண் பெற்றவர்கள் என்று அதுவரை பட்டியலில் இருந்த 61 பேர் 17 ஆனார்கள். ஒரு பிள்ளைகூடப் புதிதாக எதையும் படிக்கவில்லை, படித்ததை மறக்கவும் இல்லை.

தென் கொரியாவில் 2021 நவம்பரில் நடந்த கல்லூரி நுழைவுத்தேர்வில், உயிர் அறிவியல் இரண்டாம் தாளின் 20-ஆம் கேள்வியைச் சரியாகக் கணக்கிட்டால் ஓர் உயிரினத் தொகையின் எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போனது. அப்படி ஒரு கூட்டம் இருக்கவே முடியாது. அந்தத் தாளை எழுதியவர்கள் சுமார் 6,500 பேர். பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 15 அன்று நீதிமன்றம் கேள்வியே தவறு என்றது. எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். தேர்வை நடத்திய நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். விலகியதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி எட்டு நிமிடம் தொலைத்து, அடுத்த கேள்விகளைப் பார்க்கவே முடியாமல் போன பிள்ளைக்கு அந்த எட்டு நிமிடம் திரும்பி வரவில்லை. பொது மதிப்பெண் கொடுத்தால் கணக்கு நேராகிவிட்டது என்று நீங்கள் நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். கேள்வியைப் பார்த்ததும் ஏதோ இடிக்கிறதே என்று விட்டுவிட்டுப் போனவனுக்கு லாபம். விடாமல் போராடியவனுக்கு நட்டம்.

அதே கொரியத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதி நடக்கும்போது நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. ஒரு விமானத்தின் இரைச்சல் மதிப்பெண்ணை மாற்றிவிடும் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பின் வரிசையில் ஒருவர் மூன்று மணி நேரமும் இருமிக்கொண்டிருந்தால்? மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்க நல்ல கணக்கின் நடுவில் வந்து நின்றால்? வெயில் நேரே மேசைமேல் விழும் இருக்கை அமைந்தால்? இவை மாற்றாது என்று யாராவது சொல்வீர்களா? மாற்றும் என்றால், அந்த மாற்றம் அட்டையில் எங்கே?

ஷிஃப்ட் ஷிஃப்டாக நடக்கும் தேர்வுகளின் கதை இன்னும் விசித்திரம். ஒரு ஷிஃப்டின் தாள் எளிது, இன்னொன்று கடினம் என்பதால் பர்சன்டைல், அதாவது அந்த ஷிஃப்டில் எத்தனை சதவீதம் பேர் ஒருவருக்கு மேல் போகவில்லை என்ற எண், போட்டுச் சமன் செய்கிறார்கள். முறையில் பெரிய தவறில்லை. ஆனால் பொறியியல் படிப்புக்கான ஜேஇஇ மெயின் தேர்வில் அந்தப் பர்சன்டைலைத் தசமத்துக்குப் பின் ஏழு இலக்கம் வரை கொடுக்கிறார்கள், ஒரே இடத்தில் பலர் குவியக் கூடாதென்று. வகுப்பில் இதை எழுதிப் போட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சில மில்லிமீட்டர் வரை தப்பாக அளக்கக்கூடிய அளவுகோலை வைத்துக்கொண்டு ஏழு தசமம் எழுதினால் எந்த ஆய்வக ஆசிரியர் விடுவார்? ஏழு இலக்கமும் வரிசைப்படுத்த உதவும். துல்லியத்தை ஓர் இலக்கம்கூடக் கூட்டாது. அதற்குப் பிறகும் சமநிலை வந்தால் வயது பார்க்கிற தேர்வுகள் உண்டு, விண்ணப்ப எண்ணைப் பார்த்த தேர்வுகளும் உண்டு. முந்தி விண்ணப்பித்தவன் கூடுதல் தகுதியுள்ளவன் ஆகிவிட்டான்! குலுக்கலை இப்படிச் சுற்றி வளைத்து நடத்துவதற்கு நேராகவே குலுக்கிவிடலாம். இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குருட்டாம்போக்கைத் தடுக்கத்தான் அது இருக்கிறது என்பது உங்கள் பதில். சரிக்கு 4, தப்புக்கு ஒன்று, விடைகள் நான்கு. நான்கு முறை குருட்டாம்போக்கில் நிரப்பினால் சராசரியாக ஒரு 4 வரும், மூன்று ஒன்று போகும். மிச்சம் ஒன்று. ஆக, ஒன்றுமே தெரியாமல் நிரப்புகிறவருக்கும் சராசரியில் லாபம்தான். இரண்டு விடைகள் நிச்சயம் தப்பு என்று தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் சராசரி வரவு. இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளை தாளில் ஒரு கேள்வியையும் காலியாக விடமாட்டாள். தெரியாத பிள்ளை, அல்லது தெரிந்தும் பயப்படுகிற பிள்ளை, விட்டுவிட்டு வருகிறாள். நீங்கள் தண்டிப்பது யாரை என்று பாருங்கள்.

பயப்படுகிறவர்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பதும் ஆராய்ந்து பார்த்த விஷயம். தப்புக்குக் கழிவு இருக்கும் தேர்வில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகக் கேள்விகளைக் காலியாக விடுகிறார்கள், கழிவை எடுத்துவிட்டால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. சிலி நாட்டின் கல்லூரி நுழைவுத்தேர்வில் 2015-இல் கழிவை நீக்கினார்கள். காலியாக விடுவதில் இருபாலாருக்கும் இருந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வும் 2016-இல் கழிவைக் கைவிட்டது. கழிவு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பாட அறிவோடு துணிச்சலையும் சேர்த்தே அளக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன், தயாரிப்புப் பக்கம். உங்கள் எல்லைக்கோடு வகுப்பறைக்குள் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாக் டெஸ்ட் எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு குறி போட வேண்டும். நிச்சயம் தெரியும் என்றால் டிக். ஊகம் என்றால் சின்ன வட்டம். திருத்தியபின் டிக் மதிப்பெண்ணைத் தனியாக, வட்ட மதிப்பெண்ணைத் தனியாகக் கூட்ட வேண்டும். நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணின் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. டிக் வரிசை வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே உயரத்தில், மெதுவாக ஏறிக்கொண்டு போகிறது. வட்ட வரிசையில் ஒரு வாரம் 18 வட்டம், அதில் எட்டு சரி, வரவு 22. அடுத்த வாரமும் 18 வட்டம், மூன்றுதான் சரி, வரவு மைனஸ் 3. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்த அவள் வீட்டில் அந்த இரண்டாம் வாரம், "கவனம் சிதறுது, போனை வாங்கி வைங்க" என்று முடிவு செய்திருந்தார்கள். நோட்டைக் காட்டி, டிக் வரிசை ஏறித்தான் இருக்கிறது என்று விளக்கிய பிறகே போன் திரும்பக் கிடைத்தது. ஒரு வீட்டுக்கு இந்த விளக்கம் கொடுத்துவிட்டேன். உங்கள் அட்டை போகும் லட்சம் வீடுகளுக்கு யார் கொடுப்பது?

தேர்வுக்குத் தயாராவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று பாடத்தைப் படிப்பது. மற்றது தாளைப் படிப்பது. பாடத்தைப் படிப்பதற்குத் தேர்வைப் போல உதவி வேறில்லை. இதில் எனக்கு உங்கள்மேல் வருத்தம் கிடையாது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை ஆசிரியர்களுக்குப் பழக்கமானது: ஒரு பகுதியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னே. அதனால்தான் வாராவாரம் சின்னச் சின்னத் தேர்வு வைக்கிறேன், பிள்ளைகள் திட்டினாலும் பரவாயில்லை.

ஆனால் தேர்வுக்கு முந்தைய கடைசி மாதங்களில் பாடம் ஓரமாகப் போய்விடுகிறது. எந்தப் பகுதியை முதலில் தொடுவது, எந்த நிமிடத்தில் எந்தக் கேள்வியில் இருக்க வேண்டும், எதைக் கைகழுவுவது, அலகை மட்டும் வைத்து எப்படி இரண்டு விடைகளை அடிப்பது, வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளில் கேள்விக்குக் கேள்வி நிரப்புவதா பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவதா. இதற்கெல்லாம் பயிற்சி. நானும் கொடுக்கிறேன், கொடுக்காவிட்டால் என் பிள்ளைகள் பின்தங்குவார்கள். 47-ஆம் கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு 48-இன் விடையை 47-இன் வரிசையில் நிரப்பி, அங்கிருந்து பக்கம் முழுக்க ஒரு வரிசை தள்ளிப்போன தாளை எந்தப் பயிற்சி மையத்திலும் காட்டுவார்கள். அந்த விபத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அது இயற்பியல் இல்லை, வேதியியல் இல்லை. மருத்துவராகவோ பொறியாளராகவோ போகிற பிள்ளைக்கு அதற்குப் பிறகு அது எதற்கும் உதவாது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களைப் பிரிக்கும் அந்தக் கடைசி மதிப்பெண்கள் பெரும்பாலும் இந்தச் சரக்கிலிருந்துதான் வருகின்றன. காசு உள்ளவர்களுக்கு இந்தச் சரக்கு சுலபமாகக் கிடைக்கும்.

வேகத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 1926 ஜூன் 23 அன்று முதன்முதலாக எஸ்ஏடி நடந்தபோது 8,040 பேர் எழுதினார்கள். 315 கேள்விகளுக்கு 97 நிமிடம். கேள்விக்கு இருபது வினாடிகூட இல்லை. இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், 180 கேள்விக்கு 180 நிமிடம் என்பது படித்துப் புரிந்து கணக்குப் போட்டு வட்டம் நிரப்ப ஒரு நிமிடம்தான். நிதானமாக யோசித்து ஆழமாகப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் அவர்கள் எட்டும் உயரம் அவர்களுடைய உயரம் இல்லை.

எல்லைக்கோட்டுக்கு மூன்று மதிப்பெண் கீழே நின்ற பிள்ளை என்ன செய்கிறாள்? இன்னொரு வருடம் உட்காருகிறாள். அதே பாடங்கள், அதே தாள்கள். அடுத்த வருடம் பத்து மதிப்பெண் கூடினால் உழைப்பு வீண்போகவில்லை என்கிறோம்; குறைந்தால் அவளிடம் தீவிரம் போதவில்லை என்கிறோம். ஒன்றுமே படிக்காமல் அடுத்த வாரமே மறுபடி எழுதியிருந்தாலும் பத்துக் கூடவோ குறையவோ செய்திருக்கும் என்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பதினெட்டு வயதில் ஒரு வருடம் சும்மா வருவதில்லை.

தேர்வே இல்லாத உலகம் இதைவிட மோசம் என்பதும் எனக்குத் தெரியும். சீனத்தில் சோங் அரசர்கள் காலத்திலேயே விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எழுத்தர்களை வைத்துத் தாள் முழுவதையும் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்துபவர் கையில் கொடுத்தார்கள். சிபாரிசுக்குப் பூட்டுப் போட மனிதர்கள் கண்டுபிடித்த சிறந்த கருவி தேர்வு. அதே நாட்டில் 1966-இல் நின்றுபோன கல்லூரி நுழைவுத்தேர்வு 1977 இறுதியில் திரும்ப வந்தபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள், அவர்களில் 20-இல் ஒருவருக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் வயலிலும் ஆலையிலும் இருந்தவர்கள் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குள் போனார்கள். இந்தக் கருவியை உடைக்கச் சொல்லவில்லை. அதைக்கொண்டு அளக்க முடியாததை அளந்துவிட்டதாக அச்சிடாதீர்கள் என்கிறேன்.

செய்ய முடியாததையும் கேட்கவில்லை. எஸ்ஏடி அட்டையில் மதிப்பெண்ணோடு ஒரு வீச்சும் இருக்கிறது. 200 முதல் 800 வரை உள்ள ஒரு பிரிவில் மேலும் கீழும் ஏறத்தாழ 30 புள்ளி வரை மாறலாம் என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை, மறுபடி எழுதலாம். 2022 மார்ச்சில் எஸ்ஏடியைத் திரும்பக் கட்டாயமாக்கிய அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னது: பாடத்தைத் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தயார் என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேல் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, முழு மதிப்பெண்காரர்களைத் தேடுவதும் இல்லை. தேர்வை நம்புகிற ஒரு கல்லூரி தேர்வின் எல்லையையும் தெரிந்துவைத்திருப்பதற்கு இது நல்ல உதாரணம்.

எங்களுக்கு அப்படி ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஆராய ஆளில்லை, விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வருகின்றன என்று நீங்கள் சொன்னால், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நெதர்லாந்தைப் பாருங்கள். 1970-களிலிருந்து அங்கே மருத்துவப் படிப்புக்கு எடையிட்ட குலுக்கல் நடந்தது. பள்ளி மதிப்பெண் கூடக் கூட, குலுக்கலில் பெயர் வரும் வாய்ப்பும் கூடும். மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியும் குலுக்கலில் தோற்றவர்களைப் பற்றிப் பெரிய கூச்சல் எழுந்ததால், 1990-களின் இறுதியில் அப்படிப்பட்டவர்களுக்கு நேரடி இடம் கொடுத்தார்கள். 2017-இல் குலுக்கலையே எடுத்தார்கள். நேர்காணல், தேர்வு என்று மாற்றிப் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளிலேயே குலுக்கலைத் திரும்ப அனுமதிக்கும் சட்டமும் கொண்டுவந்தார்கள்.

குலுக்கல் என்றதும் முகம் சுளிப்பீர்கள். உழைத்த பிள்ளையின் தலைவிதியைச் சீட்டு முடிவு செய்வதா என்று பெற்றோர்களும் கேட்பார்கள். இப்போதும் எல்லைக்கோட்டில் சீட்டுதான் முடிவு செய்கிறது. அந்தச் சீட்டுக்கு ரேங்க் என்று பெயர் வைத்திருப்பதால், தோற்ற பிள்ளை தன்னிடம்தான் குறை என்று நம்பிவிடுகிறாள். ஜெயித்தவனும் தன் திறமை என்றே நம்புகிறான், அதுவும் நல்லதில்லை.

கோட்டை எங்கே போட்டாலும் விளிம்பு ஒன்று இருக்கத்தானே செய்யும், நான் சொன்ன முன்பின் என்ற பட்டைக்குள் இருப்பவர்கள் சமம் என்றால் பட்டைக்கு ஒரு மதிப்பெண் கீழே நிற்பவர் கதி என்ன? இது நல்ல கேள்வி. இதற்கு விடை எடையிட்ட முறையிலேயே இருக்கிறது. ஒரு மதிப்பெண் குறைந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறையும், பத்து குறைந்தால் இன்னும் கொஞ்சம். பள்ளத்துக்குப் பதில் சரிவு. குலுக்கல் பிடிக்காவிட்டால் பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது தாள் வையுங்கள், நேரக் கெடுபிடி இல்லாமல், விரித்து எழுதுகிற மாதிரி. லட்சம் பேருக்கு முடியாதது சில ஆயிரம் பேருக்கு முடியும். அல்லது வருடத்துக்கு இரண்டு முறை எழுதவிட்டு உயர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சில தேர்வுகளில் இது நடக்கவும் செய்கிறது, ஒற்றை நாளின் காய்ச்சலும் தலைவலியும் கொஞ்சமாவது கழிந்துபோகும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் வசதி.

வழக்குகள் பெருகும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். இப்போது குறைவாகவா இருக்கின்றன? மதிப்பெண் கல்லில் செதுக்கியது என்று நீங்கள் சொல்வதால்தான் ஒவ்வொரு கேள்வியும் நீதிமன்றம் ஏறுகிறது.

விடைக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை நிரப்பிய தாளின் படமும் விடைக்குறிப்பும் எல்லாத் தேர்வுகளிலும் கிடைக்க வேண்டும், சில நாட்களுக்குள், காசில்லாமல். கேள்வியில் தவறு என்று சுட்டிக்காட்டக் கட்டணம் வாங்குவது எனக்குப் புரியவே இல்லை. உங்கள் தவறைக் கண்டுபிடித்துத் தருகிறவரிடம் நீங்களே காசு கேட்கிறீர்கள்.

அந்த இன்னொரு எண்ணைக் கணக்கிட உங்களுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த வட்டத்தை நிரப்பினாள் என்ற தரவு உங்கள் கணினிகளில் ஏற்கெனவே கிடக்கிறது. ஒற்றைப்படைக் கேள்விகளின் மதிப்பெண்ணையும் இரட்டைப்படைக் கேள்விகளின் மதிப்பெண்ணையும் பிரித்து ஒப்பிட்டாலே முதல் மதிப்பீடு வந்துவிடும். புள்ளியியல் தெரிந்த ஒருவர் போதும். இந்த ஆண்டு அட்டையில் அச்சிட முடியாவிட்டால் அடுத்த தகவல் கையேட்டில் தேர்வு முழுமைக்கும் பொதுவாக ஒரு வரியாவது சேருங்கள்: "இத்தேர்வின் மதிப்பெண் இத்தனை வரை முன்பின் இருக்கலாம்." அந்த "இத்தனை"யைத்தான் கேட்கிறேன். வந்ததும் வகுப்புக் கரும்பலகையின் மேல்மூலையில் எழுதிவிட்டு, மாக் டெஸ்ட் திருத்தக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஒரு கணக்கு வாத்தியார்